இருபத்துநாலு ஜோடி இறக்கை

ஐஸ் பெட்டியின் ப்ளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பிரித்திகா கூடத்துச் சுவர் ஓரமாக மண்டியிட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். மூன்று தடித்த முள் வைத்த ப்ளக். டி.வி.க்குப் பக்கத்தில் இருந்த சாக்கெட்டில் அது நுழையவில்லை. பெட்டி கொண்டுவந்த ஆட்கள் இருவரும் எங்கே இறக்குவது என்று தெலுங்கில் இரண்டாம் முறையாகக் கேட்டார்கள். அவர்களுக்குப் புத்தூரில் இன்னொரு வீடு காத்திருந்தது.

“இங்க வைங்க,” என்றாள் பிரித்திகா.

அந்த வீட்டில் பதினைந்து ஆம்பியர் சாக்கெட் ஒன்றே ஒன்றுதான். ட்ரெஸ் ரூம் கதவுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் இருந்தது. அவள் பி.எஸ்சி. வேதியியல். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. நகரியில் அந்தத் தெருவில் அந்தக் காலை வேளையில் ஆம்பியரைப் பற்றிப் பேசக்கூடிய ஆள் அவள் மட்டுமாக இருந்ததால், எல்லோரும் அவள் சொன்ன இடத்தில் பெட்டியை வைத்தார்கள். அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா வேதாச்சலத்தைத் தெற்கே தலைவைத்துப் படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் விளக்கு ஏற்றினார்கள். பெட்டி உறுமத் தொடங்கியது. அன்றைக்கு ஒரு காரியமாவது சரியாகச் செய்தோம் என்று பிரித்திகா நினைத்துக்கொண்டாள்.

அவர் நாலரை மணிக்கு எழுந்து தண்ணீர் கேட்டிருந்தார். அம்மா பச்சையம்மாள் சொம்பில் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். எதற்கும் யாரையும் காக்கவைத்துப் பழக்கமில்லாத மனிதர்.

ஒன்பது மணிக்குச் சலீம் வந்தார். வேதாச்சலத்தின் நாடக உடை வாடகைக் கடைக்கு இருபது வருடமாகத் தைத்துக் கொடுப்பவர். பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு கதவைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடி கதவைப் பார்த்தார். பிரித்திகாவிடம் வந்து குனிந்தார்.

“பாப்பா, அந்தக் கதவு வெளிப்பக்கம்தான தெறக்கும்?”

“ஆமா மாமா.”

“இன்னிக்கி தேதி இருவத்திமூணு.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 

ட்ரெஸ் ரூமுக்குள் இருபத்துநாலு ஜோடி வெள்ளை இறக்கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சர்ச்சின் பிள்ளைகளுக்கு. ஒவ்வொரு வருடமும் டிசம்பர் இருபத்திமூன்று, மாலை நான்கு மணிக்கு அவை வீட்டை விட்டுக் கிளம்பும். நாலரைக்குப் பிள்ளைகள் இறக்கையோடு வண்டியேறி ஊர்வலம் போவார்கள். ஆறு மணிக்கு நாடகம். முப்பத்தோரு வருடத்தில் நான்கு மணி நான்கு ஐந்து ஆனதில்லை. புயல் வந்த வருடம் வேதாச்சலம் இறக்கைகளை பாலித்தீனில் சுற்றித் தலையில் சுமந்து, இடுப்பளவு தண்ணீரில் தண்டவாளத்தைக் கடந்து போய்க் கொடுத்தார். அங்கே போனால் நாடகத்தையே தள்ளிப்போட்டிருந்தார்கள். அது அவருடைய பிரச்சினை இல்லை என்று திரும்பி வந்துவிட்டார்.

கதவு வெளிப்பக்கம் திறப்பதற்கும் அவர்தான் காரணம். முதலில் அது உள்பக்கம்தான் திறந்தது. ஒருநாள் கதவு இடித்துக் கருடனின் இறக்கை நுனி ஒடிந்தது. மறுநாளே தச்சரைக் கூப்பிட்டுக் கீலைத் திருப்பிவைத்தார். அந்த சாக்கெட்டும் அவர் போட்டதுதான், அங்கிகளைத் தேய்க்கும் பெரிய இஸ்திரிப் பெட்டிக்காக. இறக்கைக்காகக் கதவைத் திருப்பி, அங்கிக்காகக் கரண்டு இழுத்து, கடைசியில் தானே வந்து குறுக்கே படுத்துக்கொண்டார்.

கடையில் ராமர், கட்டபொம்மன், காய்கறி, பாரதமாதா எல்லாம் உண்டு. பள்ளிக்கூடங்கள் வந்து வாடகைக்கு எடுத்துப்போகும். ஆனால் அவருடைய மனசு இறக்கையில்தான். யாருக்கு இறக்கை உண்டு, யாருக்கு இல்லை என்பதில் ஆள் கறார். சித்தூரிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டென்ட், நாரதருக்கு இறக்கை கேட்டார். ஆகாயத்தில்தானே போகிறார் என்பது அவர் வாதம். “அவுருக்குத் தம்பூரா போதும் சார்,” என்று வேதாச்சலம் அனுப்பிவிட்டார். கந்தர்வர்களுக்கு இறக்கை கிடையாது, முட்டியை மடக்கினாலே பறப்பார்கள். கருடனுக்குத் தங்க நிறம், நுனி கூர்மை. கிறிஸ்துமஸ் தூதர்களுக்கு வெள்ளை, நுனி வட்டம். விஷ்ணு தூதர்களுக்கு நாலு கை, இறக்கை இல்லை. எம தூதர்களுக்கு மீசை.

சலீம் வந்த புதிதில், அவர்கள் வழக்கத்தில் தூதர்களுக்கு எப்படி என்று வேதாச்சலம் கேட்டிருக்கிறார். ஜிப்ரீலுக்கு அறுநூறு இறக்கை என்று சலீம் சொன்னதும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாராம். உடனே சலீம், அவர்களை நாங்கள் வரைவதும் இல்லை, செய்வதும் இல்லை என்று சொல்லி, அவர் வயிற்றில் பாலை வார்த்தார். ஆனால் மனிதனின் இரண்டு தோளுக்கும் இரண்டு பேர் உண்டு, ஒருவர் நல்லதை எழுதுவார், ஒருவர் கெட்டதை எழுதுவார் என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த வாரத்திலிருந்துதான் இறக்கை வாருக்குத் தோளில் ஸ்பாஞ்சு வைத்துத் தைக்கும் வழக்கம் வந்தது. எழுதுகிறவர்கள் உட்காரும் இடம், அழுத்தக்கூடாது என்றார் வேதாச்சலம்.

பத்தரைக்கு பாஸ்டர் ஜெபகுமார் வந்தார். மாலை போட்டார். பச்சையம்மாளிடம் இரண்டு வார்த்தை சொன்னார். வாசல் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. டீ வந்தது, குடித்தார். பதினொன்றரைக்கு இன்னொரு டீ. பாக்கெட்டில் போன் நடுங்கியபோதெல்லாம் எடுத்துப் பார்த்து உள்ளே வைத்தார். அங்கிருந்து பார்த்தால் ட்ரெஸ் ரூம் கதவின் மேல்பாதி தெரியும். அந்த மேல்பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரித்திகாவுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. அண்ணன் கிஷோர் பெங்களூரிலிருந்து வர நாலரை ஆகும். அவன் வந்து, குளிப்பாட்டி, ஐந்தேகாலுக்குத்தான் எடுப்பார்கள். அதுவரை பெட்டி நகராது. நகர்த்தலாமா என்று கேட்கவேண்டும். கேட்கவேண்டிய ஆள் முனிரத்தினம் மாமா, அத்தையின் கணவர், துக்க வீடுகளில் எல்லாவற்றுக்கும் பொறுப்பு எடுத்துக்கொள்பவர். அவரைச் சுற்றிப் பத்துப் பேர். பத்துப் பேருக்கு முன்னால் பிரித்திகா வாயைத் திறந்து கடைசியாகப் பேசியது கம்பெனி இன்டர்வியூவில். அன்றைக்கும் எதிரில் மூன்று பேர்தான்.

முனிரத்தினம் அன்றைக்கு மிகுந்த உற்சாகத்தில் இருந்தார். வைகுண்ட ஏகாதசி. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவர் முதலில் சொன்னது அதைத்தான். திருமலையில் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஜனங்கள் நேற்றிலிருந்து வரிசையில் நிற்கிறார்கள், இங்கே நம் ஆள் டிக்கெட்டே இல்லாமல் நேராக உள்ளே போய்விட்டார் என்றார். யார் வந்து அழைத்துப் போயிருப்பார்கள் என்ற பேச்சு வந்தது. விஷ்ணு தூதர்தான், விமானத்தோடு வந்திருப்பார்கள் என்றார் முனிரத்தினம். தண்ணீர் கேட்டு நிமிஷத்தில் உயிர் போயிருக்கிறதென்றால் விமானத்துக்கு நேரம் ஏது, கருடனே வந்திருக்கவேண்டும் என்றார் ஒருவர். பாஸ்டரைக் கேட்டார்கள். அவர் சங்கடப்பட்டு, நல்ல மனிதர்களைத் தூதர்கள் சுமந்து போவதாக வேதத்தில் உண்டு என்றார். சலீமைக் கேட்டார்கள். நல்லவர் என்றால் வெள்ளை முகத்தோடு, வாசனைத் துணி எடுத்துக்கொண்டு வருவார்கள் என்றார். “துணி தெச்ச ஆளாச்சே, தையலப் பாத்து ஒரு கொற சொல்லிட்டுத்தான் போயிருப்பாரு,” என்றார் முனிரத்தினம். பந்தலில் சிரிப்பு வந்து, சட்டென்று அடங்கியது.

இரண்டரைக்கு பாஸ்டர் எழுந்து உள்ளே வந்தார். பிரித்திகாவின் பக்கத்தில் வந்து, மெதுவாகச் சொன்னார்.

“நான் வரேம்மா. நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத. ரெக்கை இல்லாமயே பண்ணிக்கறோம். வேதத்துல நெறைய எடத்துல தூதருக்கு ரெக்கை இருந்திச்சின்னு சொல்லவே இல்ல.”

இது பழைய சண்டை. ஒவ்வொரு டிசம்பரும் பாஸ்டர் இதைச் சொல்வார். ஒவ்வொரு டிசம்பரும் நைனா ஒரே பதிலைச் சொல்வார். “ரெக்கை இல்லன்னா அவுரு யாருன்னு ஜனங்களுக்கு எப்டித் தெரியும்? சும்மா வந்து நின்னா, எந்த ஊரு, துன்னியா இல்லியான்னு கேட்டுக்கினு இருப்பாங்க.” இப்போது பதில் வராமல் போகவே, பாஸ்டர் பெட்டியின் பக்கம் ஒருமுறை பார்த்தார். கண்ணாடியில் நீர் பூத்திருந்தது.

பிரித்திகாவுக்குத் திருப்பதி ஞாபகம் வந்தது. காலேஜ் இரண்டாம் வருடம், ஆண்டு விழா. நாடகத்துக்கு இறக்கை கேட்டிருந்தார்கள். நைனா மொபெட்டின் பின்னால் ஒரு ஜோடி இறக்கையை விரித்துக் கட்டிக்கொண்டு, மடக்கினால் கெட்டுவிடும் என்று, நகரியிலிருந்து அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தார். கேட்டில் நின்ற மொத்தக் கூட்டமும் திரும்பியது. யாரோ விசிலடித்தார்கள். பிரித்திகா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தொட்டியின் கால்களுக்கு நடுவே அவர் அவளைப் பார்த்துவிட்டார். கூப்பிடவில்லை. இறக்கையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு திருப்பதிக்கு வரவேண்டியிருந்தால் இறக்கையைப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அதைப் பற்றி அவர்கள் பேசியதே இல்லை.

“போவாதீங்க,” என்றாள் பாஸ்டரிடம்.

பந்தலுக்குப் போனாள். அவளுக்கே கேட்காத குரலில் மாமா என்றாள். மூன்றாவது தடவை மாமா என்றதற்குத்தான் முனிரத்தினம் திரும்பினார். பெட்டிக்கு அடியில் சக்கரம் இருக்கிறது, அரை அடி தள்ளினால் போதும், இறக்கைகளை எடுத்துவிடலாம் என்று சொல்லி முடித்தாள்.

பத்துப் பேரும் அவளைப் பார்த்தார்கள்.

“தெக்க தல வெச்சி வெளக்கு ஏத்தியாச்சி,” என்றார் முனிரத்தினம். “இனிமே அவுரு நவுந்தார்னா வாசலுக்குத்தான் நவுரணும். நடுவுல அரை அடி நவுத்தறது, கால் அடி நவுத்தறதுன்னு கெடையாது. ஏகாதசி அன்னிக்கி போனவரு. ஏதோ ரெக்கைக்காக அவுர வழி மாத்தி உட்டுடாத.”

பெரியவர்கள் ஆமாம் என்றார்கள். பிரித்திகா உள்ளே வந்துவிட்டாள்.

பச்சையம்மாள் காலையிலிருந்து தலைமாட்டில் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யார் கட்டிக்கொண்டு அழுதாலும் சேர்ந்து அழுதாளே தவிர ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இப்போது விளக்குத் திரியை விரலால் தூண்டிவிட்டு, வாசலைப் பார்த்து, சாதாரணமாகப் பேசினாள்.

“அண்ணா, மேல கேட்டு தெறந்து கீதுன்னு காலையிலிருந்து சொல்லிக்கினு கீறீங்க. இங்க இந்தக் கதவு தெறக்க மாட்டேங்குது. நாலு மணிக்கு ரெக்கை போவலன்னா, அந்த மனுசன் வைகுண்டத்துல போயும் பொலம்பிக்கினேதான் இருப்பாரு. கூட கீறவங்களுக்குத்தான் கஷ்டம்.”

முனிரத்தினம் யோசித்தார். பெட்டி நகரக்கூடாது, அவ்வளவுதான் என்றார்.

“நவுர வேணா,” என்றாள் பச்சையம்மாள். மகளை மேலிருந்து கீழ்வரை அளந்தாள். “வாரத்துக்கு ஆறு நாளு அந்தக் கம்பெனி கேன்டீன்ல துன்னு எளச்சி கீற. அதுக்காவது ஒரு பிரயோஜனம் இருக்கட்டும். உள்ள பூரு.”

பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரைச் சாண் சந்து இருந்தது. பிரித்திகா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, நைனாவின் கால்மாட்டிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்தாள். வயிற்றை எக்கிக்கொண்டாள். கதவை இழுத்தாள். அது திறந்து, பெட்டியில் டொக்கென்று முட்டி நின்றது. அந்த இடைவெளியில் முதலில் தோளையும் பிறகு தலையையும் கொடுத்தாள். காது கொஞ்சம் உரசியது. உள்ளே விழுந்தாள்.

பசை வாசனை. ஜன்னல் வெளிச்சத்தில் இருபத்துநாலு ஜோடியும் கயிற்றில் வரிசையாகத் தொங்கின, துவைத்துக் காயப்போட்ட மாதிரி. ஒவ்வொன்றிலும் வலது தோள் வாரில் சிவப்பு நூல், இடது தோள் வாரில் நீலம். கோடியில் தனியாக ஆறு இறக்கை. வருடத்துக்கு ஒரு பிள்ளைதான் அதைப் போடும், இருப்பதிலேயே உயரமான பிள்ளை. ஆறு இறக்கைத் தூதர் இரண்டால் முகத்தை மூடிக்கொள்வார், இரண்டால் காலை மூடிக்கொள்வார், மிச்சம் இரண்டால் பறப்பார் என்று பாஸ்டர் சொல்லக் கேட்டு நைனா செய்தது. அதை முதன்முதலில் தைத்து முடித்த அன்று, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னார்: “ஆறுல நாலு ரெக்கை மூடிக்கறதுக்கே போவுதுன்னா, ரொம்ப கூச்சம் போல. நம்ம பிரித்தி மாதிரி.”

முதல் ஜோடியை எடுத்தாள். சந்து வழியே கொண்டுபோனால் இறகு சுவரில் உரசி நாசமாகும். இடைவெளியில் நின்றுகொண்டு, இறக்கையைப் பக்கவாட்டில் திருப்பி வெளியே நீட்டி, பெட்டிக்கு மேலே தூக்கினாள். எதிர்ப்பக்கம் சலீம் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். வெள்ளை இறக்கை நைனாவின் முகத்துக்கு ஒரு முழம் மேலே கடந்துபோனது.



இரண்டாவது ஜோடி. மூன்றாவது. ஐந்தாவது கடக்கும்போது நாராயணவனத்திலிருந்து உறவுக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். முன்னால் வந்த வெங்கடலட்சுமி வாசல்படியில் அழுகையை ஆரம்பித்து, கூடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். பிணத்துக்கு மேலே இறக்கைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள்.

“ஏகாதசிக்குப் போனா இப்டி செய்யணுமா?” என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

பக்கத்திலிருந்தவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அவளும் கூப்பினாள். எட்டாவது ஜோடி சலீமின் கைக்குப் போனதும் வெங்கடலட்சுமி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வேனில் வந்த அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். ஒரு கிழவர் மஞ்சள் குங்குமம் எங்கே என்று கேட்டார். சலீம் என்ன செய்வதென்று தெரியாமல் ஒவ்வொரு ஜோடியையும் அவர்கள் முன்னால் ஒரு நொடி நிறுத்தி, பிறகு பாஸ்டருக்குக் கொடுத்தார். பாஸ்டர் இரண்டு கையிலும் இறக்கைகளோடு நின்றார். அவருக்கும் ஒருத்தி கும்பிடு போட்டாள்.

பன்னிரண்டாவது ஜோடிக்கு முனிரத்தினம் உள்ளே வந்து, கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். “தள்ளாதீங்க. ஒரு ஆளுக்கு ஒரு ரெக்கை. தொட்டு ஒத்திக்கினு அந்தப் பக்கமா போய்க்கினே இருங்க.” இது என்ன வழக்கம் என்று யாரோ கேட்டதற்கு, பழைய வழக்கம்தான், இப்போது யாரும் செய்வதில்லை என்றார்.

கதவுக்குள் நின்ற பிரித்திகாவுக்கு எல்லாம் கேட்டது. சிரிப்பு வந்தது. கதவுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். அதன் பாதியில் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு பதின்மூன்றாவது ஜோடியை எடுத்தாள்.

கடைசியாக ஆறு இறக்கை. நைனா அதற்கு நடுவில் கீல் வைத்திருந்தார், அதனால் பக்கவாட்டில் வந்தது. அதைத் தூக்கிப் பிடித்தபோது ஒரு சின்ன இறகு கழன்று, கண்ணாடிமேல் விழுந்து, நீரில் ஒட்டிக்கொண்டது. யாரும் எடுக்கவில்லை.

பாஸ்டர் கிளம்பத் திரும்பினார். மணி மூன்றே முக்கால்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இறக்கை கைமாறும்போது நைனா ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்வார். அதைச் சொல்லாமல் ஒரு ஜோடிகூட வீட்டைத் தாண்டியதில்லை. சலீம் அவளைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். கூடத்தில் நாற்பது பேராவது இருப்பார்கள்.

“மடக்காதீங்க,” என்றாள் பிரித்திகா. குரலை உயர்த்தினாள். “நனைக்காதீங்க. வலதுக்குச் செவப்பு, இடதுக்கு நீலம். மாத்திக் கட்டினா பறக்காது.”

“பறக்காதும்மா,” என்றார் பாஸ்டர். எப்போதும் அவர் சொல்லும் பதில் அதுதான்.

கிஷோர் வந்தான். குளிப்பாட்டினார்கள். ஐந்தேகாலுக்குப் பூப்பல்லக்கில் ஏற்றி, மேளத்தோடு கிளம்பினார்கள். பெண்கள் தெருமுனைவரை வருவார்கள், அங்கிருந்து திரும்பிவிடவேண்டும். தெருமுனையில் பிரதான சாலை. சாலையில் எதிரே ஒரு டாடா ஏஸ் நின்றிருந்தது. ரயில்வே கேட் போட்டதில் சர்ச் ஊர்வலம் தாமதமாகி, அப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருந்தது. துக்கத்துக்கு வழிவிட்டு வண்டியை ஓரம் கட்டி, பாட்டை நிறுத்தியிருந்தார்கள். மேளக்காரர்களும் அதைப் பார்த்துவிட்டு அடிப்பதை நிறுத்தினார்கள்.

வண்டிக்குள் இருபத்துநாலு ஜோடி வெள்ளை இறக்கைகள். பிள்ளைகள் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு பல்லக்கைப் பார்த்தார்கள். நடுவில் இந்த வருடத்து உயரமான பிள்ளை ரூபா, ஆறு இறக்கையோடு. ஓரத்தில் நின்ற ஒரு பொடிசு, நான்கு வயது இருக்கும், ஜவ்வுமிட்டாய் தின்றுகொண்டிருந்தது. அதன் வலது தோளில் நீல நூல்.

பிரித்திகா பெண்கள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். யாரோ கையைப் பிடித்தார்கள், விடுவித்துக்கொண்டாள். நின்றிருந்த பல்லக்கைத் தாண்டி, கிஷோரைத் தாண்டி, இரண்டு பக்கமும் நின்ற வாகனங்களுக்கு நடுவே சாலையைக் கடந்து வண்டியிடம் போனாள். பிள்ளையைத் திருப்பி நிறுத்தி, வாரை அவிழ்த்தாள். மாற்றிக் கட்டினாள். ஸ்பாஞ்சு தோளில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாள்.

முனிரத்தினம் கையைக் காட்டினார். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

நாடகத்தில் மேளம் அடித்ததும் ஆறு இறக்கையையும் இயக்கிக் காட்டவேண்டும் என்று ரூபாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் செய்தாள். இரண்டு இறக்கைகள் மேலே வந்து முகத்தை மூடின. இரண்டு கீழே இறங்கிக் காலை மூடின. மிச்சம் இரண்டும், வண்டியின் இரும்புக் கம்பிகளில் இடித்து இடித்து, அசையத் தொடங்கின.

பல்லக்கு வண்டியை ஒட்டிக் கடந்துபோனது. பிரித்திகா பொடிசின் வாரைப் பிடித்தபடியே நின்றாள். சாலையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எதற்குப் பின்னாலும் போய் நின்றுகொள்ளவில்லை.